சிவப்பாகத் தெரிந்த ஊர்

வாளி கிணற்றுச் சேற்றில் போய் மொத்தென்று உட்கார்ந்தது. சகுந்தலா கயிற்றை ஆட்டி ஆட்டி இழுத்தாள். மேலே வந்தது அரை வாளி கலங்கல், சாணி நிறத்தில்.

"இத்த ஊத்தியா உங்கப்பன அனுப்புவ? காலமெல்லாம் சேத்துலயே கெடந்த மனுசன்டீ" என்றாள் எல்லம்மாள். அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

காசிநாதன் வாசலில் பெஞ்சு மேல் கிடந்தார். நேற்று செங்கல்பட்டு கலெக்டர் ஆபீசில் ஊருக்குத் தண்ணீர் லாரி கேட்டிருக்கிறார். உங்கள் ஊரில் வறட்சியே இல்லை, சாட்டிலைட் படத்தில் செழிப்பாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வந்து படுத்தவர் விடிந்தும் எழவில்லை.

அந்தப் படம் சகுந்தலாவுக்குத் தெரியும். சென்னையில் அதைத் தயாரிக்கிற ஆபீசில்தான் அவளுக்குத் தற்காலிக வேலை. அந்தக் குடும்பத்தில் டிகிரி வாங்கிய முதல் ஆள். பச்சைப் பயிர் அந்தப் படத்தில் சிவப்பாகத் தெரியும். ஊர் சிவந்து கிடந்தது.

"சார், இது நெல்லும் இல்ல, கடலையும் இல்ல. ரோட்டோரத்துச் சவுக்கு. மழை பொய்ச்சாலும் அது காயாது" என்று படம் வந்த அன்றே சொன்னாள். அதிகாரி ராகவன் சிரித்தார்.

"ஃபீல்டு செக் பண்ணியாச்சும்மா. ஊர்ப் பாசத்தை டேட்டாவுல கலக்காத."

ஃபீல்டு செக்! ஈசிஆர் ரோட்டில் ஜீப், ஜீப்புக்குள் ராகவன், கண்ணாடிக்கு வெளியே சவுக்கு. இறங்கி நாலு எட்டு உள்ளே வந்தால் ஷூ அழுக்காகிவிடும். மாமல்லபுரத்தில் சொல்லிவைத்த வறுத்த மீன் ஆறிவிடும்.

அந்த ராகவன்தான் இப்போது ரோஜா மாலையோடு வந்துகொண்டிருந்தார். ஜீப் நுழையாத பாதை. வெடித்த வயல் வழியே நடந்ததில் ஷூ வெளுத்திருந்தது.

"சாரிம்மா. இவ்ளோ காஞ்சிருக்கும்னு தெரியல."

"தெரிஞ்சிக்கத்தான சார் சம்பளம்?"

அத்தை சின்னப்பொண்ணு மூக்கைச் சிந்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மேலேர்ந்து போட்டோ புடிக்கிறவரு இவருதானா? எங்க அண்ணன் இந்த வயலச் சுத்திச் சுத்தி வந்துகினு இருந்துச்சே, அதுல தெரில?"

அந்த ஆள் அதற்கும் பதில் சொன்னார். "அதுல ஆள் தெரியாதும்மா. ஒரு புள்ளியே இந்த வீட்டை விடப் பெரிசு."

"அப்ப இன்னாத்துக்கு அது?"

ராகவன் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

சகுந்தலா மாலையை வாங்கித் தரையில் வைத்துவிட்டு இரண்டு குடங்களை அவரிடம் நீட்டினாள். "ரோட்டு மேல ரிசார்ட்டு கீது சார். புல்லுக்குத் தண்ணி பீச்சிகினே கீறான். உங்க சிவப்புல அதுவும் சேர்த்திதான். எங்கள கேட்டாண்டயே நிக்க உடல. கவர்மென்ட்டு ஜீப்புன்னா தெறப்பான். எங்கப்பாவ குளிப்பாட்டணும்."

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தார். இரண்டு குடமும் காலி.

"மேனேஜர் சென்னைக்குப் போயிருக்காராம். பர்மிஷன் இல்லாம தர முடியாதுங்கறான். நான் வேணா நாளைக்கு ஒரு லெட்டர் போட்டு..."

"நாளைக்கு வரைக்கும் பொணம் தாங்குமா சார்?"

குடங்களைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள். சின்னப்பொண்ணு வீட்டிலிருந்த தவலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். ரோட்டைத் தாண்டி, ரிசார்ட் மதிலை ஒட்டியே போனால் கடல். அங்கே கேட்டும் இல்லை, பர்மிஷன் கேட்கிற நாயும் இல்லை.

எல்லம்மாள் முதல் குடத்தை வாங்கிப் புருஷன் தலையில் ஊற்றினாள். என்ன தண்ணீர் என்று கேட்கவில்லை.

வெயிலில் ஈரம் உலர உலர, காசிநாதனின் புருவத்திலும் நெஞ்சு முடியிலும் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. சின்னப்பொண்ணு முந்தானையால் துடைக்கக் குனிந்தாள். எல்லம்மாள் அவள் கையைப் பிடித்துத் தடுத்தாள்.

ராகவன் மாலையை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார். பெஞ்சைச் சுற்றி நின்ற பெண்களில் யாரும் விலகி வழி விடவில்லை.