மீத் வீட்டுக்கு இறங்கிப்போன தோட்டம்

ஒரு வாரம் பெய்த மழை விட்ட காலையில் கூடையோடு வெளியே வந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஏலக்காய்த் தோட்டத்தைக் காணவில்லை. சரிவில் செம்மண் மட்டும் உரிந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். தோட்டம் அப்படியே கீழே நின்றது. நிழல் மரங்கள் கொஞ்சம் சாய்ந்திருந்தன. அடியில் கருப்பு ஏலக்காய்ப் புதர்கள் ஒன்றும் கலையவில்லை. அவை நின்ற இடம் கீழ் வீட்டு ஓங்தெனின் கேழ்வரகு வயல்.

என் கணவர் புத்தஹாங்கும் அவரும் மீத். இளவயதில் சடங்கு செய்து நட்பைக் கட்டிக்கொண்டவர்கள். நாங்கள் லிம்பு இனம், அவர்கள் லெப்சா இனம். மீத் மீத்தைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எதற்கும் வழக்காடக் கூடாது. மனைவிகளுக்கும் அதே கட்டுதான். ஓங்தெனின் மனைவி நிம்கித் எனக்கு மீத்தினி.

"உங்க தோட்டம் உயிரோட வந்துருக்கு மீத். வந்து அறுத்துக்கோங்க," என்றார் ஓங்தென்.

"அதெப்படி மீத்? உங்க கேழ்வரகு மேலதான உக்காந்துருக்கு. காய் உங்களுது," என்றார் இவர்.

பஞ்சாயத்து உறுப்பினர் குடையோடு வந்து பார்த்தார். மன்னர் காலத்து எல்லைக்கல்லும் தோட்டத்தோடு சேர்ந்து இறங்கி, செங்குத்தாகவே நின்றுகொண்டிருந்தது.

"கல்லுக்கு மேல உங்களுது, கீழ அவருது. அதான் வழக்கம்," என்று தலையைச் சொறிந்தார். "அப்படிப் பாத்தா கல்லுக்கு மேல நிக்கிற அவரு பன்றிக் கொட்டிலும் இப்ப உங்களுது."

"பன்றி வேண்டாம்," என்றார் என் கணவர்.

"யாரு கேட்டா? பன்றி என்ன நினைக்குதோ," என்றார் உறுப்பினர்.

அவர் முடிவு சொல்லாமலே போய்விட்டார். காய்க்குள் விதை பழுப்பேறி அறுப்புக்கு வந்துவிட்டது. ஈரத்தில் விட்டால் அழுகும். அதைச் சிங்தாம் சந்தை வியாபாரிக்கு விற்றால்தான் எங்களுக்குக் குளிர்கால அரிசி. அணில்களுக்கு மட்டும் எந்தக் குழப்பமும் இல்லை.

"உங்க மீத்தனத்தை உலையில போட்டா வேகுமா?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு. கீழ கேக்கும்," என்றார்.

நானே கீழே போனேன். என் தோட்டத்தை எப்படிக் கேட்பது என்று வழியெல்லாம் யோசித்தும் வார்த்தை கிடைக்கவில்லை. நிம்கித் அடுப்படியில் இருந்தார்.

"மீத்தினி, உங்க தோட்டத்துல அறுப்பு இருக்குபோல. கைமாத்து வேலைக்கு வரட்டுமா?"

இங்கே ஒருநாள் நான் உன் நிலத்தில் உழைத்தால், ஒருநாள் நீ என் நிலத்தில் உழைக்க வேண்டும்.

"எங்க தோட்டமா? உங்க தோட்டத்துக்கு நான்தான் வரலாம்னு இருந்தேன்."

"சரி. இன்னைக்கு உங்களுக்கு, நாளைக்கு எனக்கு."

இரண்டு நாளும் ஒரே தோட்டத்தில் அறுத்தோம். நிலத்துக்காரிதான் மதியச் சோறு போட வேண்டும். முதல் நாள் இருவருமே இரண்டு பேருக்குச் சோறு கொண்டுவந்திருந்தோம். மறுநாள் இருவருமே கொண்டுவரவில்லை. அவித்த கிழங்கு கொஞ்சம் நிம்கித்தின் இடுப்புத் துணியில் இருந்தது. அதைப் பகிர்ந்துகொண்டோம்.

மூன்றாம் நாள் காயைப் புகைபோட்டு உலர்த்தும் சூளைக்குச் சுமக்க வேண்டும். இரண்டு வீட்டிலும் சூளை இருக்கிறது. அவர்கள் வயல்தானே போனது என்று நினைத்து, ஒரு சுமையை அவர்கள் சூளையில் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பினேன். மேலிருந்து மீத்தினியும் வெறுங்கூடையோடு இறங்கிவந்தார்.

"எங்க போட்டீங்க?" என்று கேட்டேன்.

"உங்க சூளையிலதான். நீங்க?"

"உங்களுதுல."

தோட்டத்தில் மிச்சமிருந்த காய்க் குவியலைப் பார்த்தபடி நின்றோம். எந்தப் பக்கம் நடப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை. பிறகு அவர் மேலேயே ஏறினார், நான் கீழேயே இறங்கினேன். குவியல் தீர்ந்தது.

சாயங்காலம் எங்கள் சூளையில் என் கணவர் தீ மூட்டினார். கீழேயும் புகை எழுந்தது.

"இது யாரு காய்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"தெரியல. மீத்தினி சுமந்துட்டு வந்தது."

"அப்ப கீழ காயுறது?"

"அது நான் சுமந்தது."

அவர் கைக்குக் கிடைத்த விறகை எடுத்துச் சூளைக்குள் தள்ளினார்.

"ஈர விறகைத் தள்ளாதீங்க," என்றேன்.