கிணற்றுக்குள் ஒரு கதிரை

1993 கார்த்திகை மாதம் கண்டாவளையில், சிவலட்சுமி நிமிர்ந்து நின்றபோதெல்லாம், அவள் இடுப்பில் கட்டியிருந்த பட்டி அவள் குனிந்திருப்பதாகவே கோடு கீறியது. ஏன் என்று அதைச் செய்த ஜெகதீஸ்வரிக்கே விளங்கவில்லை. அவர் உதவி நிறுவனமொன்றில் வேலை பார்த்தவர். வன்னிக்குள் பற்றரி வர அரசாங்கத்தின் அனுமதியில்லாததால் பழைய மணிக்கூடொன்றைக் கழற்றி, சின்னப் பெட்டியொன்றுக்குள் பொருத்திப் பட்டியைச் செய்திருந்தார். மணிக்கூடு கடதாசி நாடாவை மெல்ல நகர்த்தும். அதன்மேல் ஒரு ஈயக்குண்டு தொங்கும், குண்டின் நுனியில் பென்சில் கூர். குண்டு எப்போதும் பூமியைப் பார்த்தே தொங்கும். ஆள் குனிந்தால் பெட்டி சாயும், குண்டு வயிற்றுப் பக்கம் விலகும், கோடும் விலகும். நிமிர்ந்தால் கோடு நடுவுக்கு வரும். சூட்சுமம் அவ்வளவுதான்.

அதிகம் குனிபவருக்கு, நின்றபடி களையெடுக்கும் கருவியொன்றைக் கொடுக்க நிறுவனம் முடிவுசெய்திருந்தது. இருந்தது ஒன்றே ஒன்று. இன்னொரு போகம் குனிந்தால் சிவலட்சுமி எழும்பமாட்டாள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஆனால் ஒருதரமும் நிமிராமல் எந்த மனுசியாலும் வேலை செய்ய முடியாது, இது கள்ளம், சரியான நாடா வராவிட்டால் கருவி வேறு ஊருக்குப் போகும் என்று அலுவலகம் அறிவித்தது.

“நேராத்தான் மிஸ் நின்னேன்,” என்றாள் சிவலட்சுமி. “மொதலாளிக்கு முதுகக் காட்டாம, அவரு பக்கமாத் திரும்பி நின்னேன்.”

ஜெகதீஸ்வரி பட்டியை வேலிக் கட்டையில் கட்டிப் பார்த்தார். நாடாவில் வேலிக் கட்டையும் குனிந்துதான் நின்றது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய வயற்காரர், சிவலட்சுமியின் முதலாளி கதிர்காமநாதன் அன்று அவரைத் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார். அந்த வீட்டின் நான்கு சுவர்களும் கடகம்போல வெளிப்பக்கம் விரிந்திருந்தன. மேசன் தூக்குக்குண்டு பிடித்துத்தான் கட்டினவன் என்றும், தான் நடுவில் கதிரை போட்டிருந்து பார்த்ததாகவும் அவர் சொன்னார். கோப்பைக்குள் தேத்தண்ணி அவர் பக்கமாக உயர்ந்து நின்றது. வாய்க்கால் தண்ணீர் மேடேறி அவர் வயலுக்குப் போவதும், அயல் வளவுத் தேங்காய்கள் அவர் முற்றத்தில் விழுவதும் ஊருக்குப் புதினமில்லை. ஜெகதீஸ்வரிக்கு விளங்கிவிட்டது. குண்டு பூமியைப் பார்க்கவில்லை, கதிர்காமநாதனைப் பார்த்தே தொங்குகிறது. அவரை நோக்கி நிற்கிற எவருக்கும் அது வயிற்றுப் பக்கம் விலகத்தான் செய்யும்.

அவரிடம் சொன்னபோது அவர் வெட்கப்படவில்லை. “இது எனக்கு எப்பவோ தெரியும், பிள்ளை. ஆளுக்கேத்த மாதிரித்தானே பூமியும் நடக்கும்.” அளக்கிற அன்று புளியங்குளத்துக்குப் போய்வரச் சொன்னதற்கு மட்டும் மறுத்தார். தான் நிற்காவிட்டால் ஒருவரும் கையை அசைக்கமாட்டார்களாம்.

வயல் நடுவில், வெட்டியும் தண்ணீர் வராத ஆழமான கிணறொன்று இருந்தது. அதற்குள் இருந்தால் அவருடைய இழுவை எல்லோருடைய காலுக்கும் கீழே வரும் என்று ஜெகதீஸ்வரி விளங்கப்படுத்தினார்.

“காலுக்குக் கீழையோ?”

“ஓம் ஐயா. முழு வயலையும் நீங்கள்தான் தாங்குவீங்கள்.”

அது அவருக்குப் பிடித்துக்கொண்டது. புதுக் கயிறு கேட்டார், கதிரைக்கு மெத்தை கேட்டார். சிவலட்சுமியின் புருசன் சுடலைமுத்துவும் மற்றவர்களும் கதிரையோடு அவரை இறக்கினார்கள். “பயப்படாம எறங்குங்க மொதலாளி,” என்றான் சுடலைமுத்து. “நாங்க மேலதான் நிப்போம்.”

அன்று கிணற்றடியில் சிவலட்சுமி குனிந்தபோது கோடு விலகியது, நிமிர்ந்தபோது நடுவுக்கு வந்தது. கருவி அவளுக்கே கிடைத்தது. அதன்பிறகு ஒவ்வொரு களையெடுப்புக்கும் கதிர்காமநாதனைத் தேத்தண்ணிப் போத்தலோடு கிணற்றுக்குள் இறக்குகிறார்கள். அவர் உள்ளே இருக்கும்வரை, நிமிர்ந்து நிற்பவர்கள் நிமிர்ந்து நிற்பதாகவே பட்டி கீறுகிறது.