ஒரு வாரத்து ஒட்டு

லேபில் எல்லாரும் அவரைப் பல்லாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். பல் செய்தே ஆண்டுகள் போனவர் என்று அர்த்தம். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதைப் பார்த்துப் பீங்கானில் பல் செய்து கொடுப்பார். உடைந்த பல்லுக்குக் கேப், போன பல்லுக்குப் பிரிட்ஜ், எல்லாம் இவர் கைதான். டீக்கறை படிந்த பல்லுக்குப் பக்கத்தில் வைக்க, அதே டீக்கறையோடு பல் செய்வார். அப்படி ஒரு கண்ணு. ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லைக் காட்டித்தான் இளிக்கிறார்கள். கட்டின மனைவிக்கு மட்டும் மேல்வரிசையில் முன்பல் ஒன்று கிடையாது, பதின்மூன்று வருஷமாக.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா" என்பார், கேட்டவர்களிடம். அட, எந்த பாத்ரூம்? இவர் அடித்த அடி அது. அன்றைக்கு லேபில் பீங்கான் சுடுகிற அடுப்பில் சூடு ஏறிப்போய் எட்டுப் பல் பாழாகி, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். "சாப்பிட வர ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டதுதான் அவள் செய்த குற்றம். கையை வீசினார். கையில் சாவிக்கொத்து இருந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் இருந்ததால் பார்க்கவில்லை. அதற்கப்புறம் அவர் கை நீட்டினதே இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை போதாதா?

மறு மாசமே "ஒரு பல் கட்டிடலாம்" என்று கெஞ்சினார். "இருக்கட்டும்" என்றாள். வருஷா வருஷம் கேட்டார். வருஷா வருஷம் "இருக்கட்டும்"தான்.

இப்போது மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. "அம்மா, போட்டோல நீ வாயைத் தொறந்து சிரிக்கணும். அப்பா இருக்கும்போது உனக்கு என்ன கொறச்சல்?" என்று பிடித்துக்கொண்டாள். அவர் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மகள் வெளியே போனதும் மனைவி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"கட்டிக்கிறேன். ஆனா இந்தப் பல் எப்படிப் போச்சுன்னு நீங்களே அவகிட்ட சொல்லணும்."

"எதுக்கு இப்போ பழசையெல்லாம்..."

"பழசா? அவ இன்னொரு வீட்டுக்குப் போறா. நாளைக்கு அங்க ஒருத்தன் கை நீட்டினா, என்னை மாதிரி அவளும் வழுக்கி விழுந்தேன்னு சொல்லிட்டுத் திரியக் கூடாது."

பல் செய்கிறவன் பெண்டாட்டிக்குத் தொழில் தெரியாதா? பிரிட்ஜை முதலில் டெம்பரரி சிமெண்டில் ஒட்டி ஒரு வாரம் விடுவார்கள். கடிக்க, பேச எல்லாம் சரியாக இருந்தால் கழற்றி, அப்புறம்தான் பெர்மனென்ட். அந்த ஒரு வாரத்தைத்தான் அவள் கெடுவாக வைத்தாள். "அதுக்குள்ள சொல்லிட்டா ஒட்டிக்கிறேன். இல்லேன்னா கழட்டினதோட சரி." அவரும் தலையாட்டினார்.

பிரிட்ஜ் என்றால் லேசான காரியம் இல்லை. போன பல்லுக்கு இரண்டு பக்கமும் நல்லா இருக்கிற பல்லைக் குச்சி மாதிரி ராவ வேண்டும். ராவின பல் திரும்ப வளராது. டாக்டரம்மா ராவும்போது அவர் வெளியே நின்றார். ஒன்றை உடைத்தேன், இப்போது இன்னும் இரண்டு போகிறதே என்று நினைத்துக்கொண்டார்.

பத்து நாள் உட்கார்ந்து அந்த மூன்று பல்லைச் செய்தார். பக்கத்துப் பல்லின் நுனியில் மெல்லிய வெள்ளைக் கீற்று ஒன்று இருந்தது, ராவுவதற்கு முன்பே பார்த்து வைத்திருந்தார். அதையும் அப்படியே கொண்டுவந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை அவர் செய்ததில்லை. செய்யச் செய்ய ஒரு நப்பாசை வந்தது. பல்லே வந்துவிட்டால் போனது போனதுதானே? இவ்வளவு அழகான பல்லை யாராவது வேண்டாம் என்பார்களா? பாவி மனுஷனுக்குப் புத்தி அந்த இடத்தில்தான் கெட்டது.

பிரிட்ஜைக் கொடுக்கப் போனபோது டாக்டரம்மாவிடம் தனியாகச் சொன்னார். "அளவு கச்சிதமா இருக்கும்மா. டெம்பரரி எல்லாம் வேண்டாம், பெர்மனென்ட்டாவே ஒட்டிடுங்க."

"அவங்களுக்குச் சம்மதமா?"

"நான்தானே சொல்றேன்."

இருபது வருஷப் பழக்கம். அவர் வேலையை டாக்டரம்மா சந்தேகப்பட்டதே கிடையாது. ஒட்டிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க மகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவைச் சிரிக்கச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். சாயங்காலமானால் மனைவி கேட்பாள், "சொல்லியாச்சா?" அவர் "நாளைக்கு" என்பார். மகளோடு தனியாகக் கடைக்குப் போனார், தனியாகச் சாப்பிட்டார், ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கல்யாணப் பத்திரிகைக்கு முகவரிகூட எழுதினார். சொல்ல மட்டும் வாய் வரவில்லை. ஏழு நாளும் நாளைக்கு நாளைக்கு என்றே ஓடிப்போனது.

எட்டாம் நாள் மூன்று பேருமாக க்ளினிக்குக்குப் போனார்கள். மனைவி நாற்காலியில் சாய்ந்ததும், "கழட்டிடுங்க டாக்டர்" என்றாள்.

"கழட்டுறதா? வராதும்மா, பெர்மனென்ட்டா ஒட்டினது. உங்க வீட்டுக்காரர்தானே அப்படி ஒட்டச் சொன்னார்? இனி எடுக்கணும்னா அறுத்துத்தான் எடுக்கணும்."

மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். கோபம்கூட இல்லை. இவ்வளவுதானா நீங்க என்கிற பார்வை. அவருக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"அப்போ அறுங்க" என்றாள்.

மகள் பதறிப்போனாள். "அம்மா, உனக்கென்ன பைத்தியமா? எவ்வளவு அழகா இருக்கு! எதுக்கு?"

"அப்பாகிட்ட கேளு."

மகள் அவர் பக்கம் திரும்பினாள். தானாக வந்து மடியில் விழுந்த சந்தர்ப்பம். நான்கே வார்த்தை, சொல்லியிருந்தால் பல்லும் தப்பியிருக்கும். அவர் சொன்னது வேறு.

"சரியா உக்காரலைம்மா. என் வேலைலதான் தப்பு."

தன் வேலையில் மயிரிழை குறை சொன்னாலும் சண்டைக்கு நிற்கிற மனுஷன்! டாக்டரம்மாவே நிமிர்ந்து அவரைப் பார்த்தார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டு, மிஷினை வைத்து அறுக்க அரை மணி நேரம் ஆனது. பீங்கான் தூள் பறந்தது. கடைசியில் இரண்டு துண்டாகத் தட்டில் விழுந்தபோது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். மனைவி வாய் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தாள். நடுவில் ஓட்டை, இரண்டு பக்கமும் குச்சி, உதடு மரத்துக் கோணியிருந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் பாத்ரூம்ல விழலைடி. உங்கப்பா அடிச்சாரு. சாவிக்கொத்தோட."

காற்றுத்தான் பாதி வந்தது. பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள், ஆனால் அந்தச் சொல் ஒன்றுகூடச் சிந்தாமல் மகளிடம் போய்ச் சேர்ந்தது.

"அப்பா?" என்றாள். அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாரா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தாள்.

டாக்டரம்மாவுக்கு அங்கே நிற்கவே சங்கடமாக இருந்தது. ஏதாவது பேச வேண்டுமே என்று, அச்செடுக்கிற தட்டைக் கையில் எடுத்து மகளைப் பார்த்தார். "ராவின பல்லை இப்படியே விடக் கூடாதும்மா, கூசும். இன்னொரு அச்சு எடுத்து வழக்கம்போல அப்பாகிட்டயே குடுத்துடறேன். என்ன?"

"அச்சு எடுங்க டாக்டர்" என்றாள் மகள், அம்மாவின் தோளைப் பிடித்தபடி. "ஆனா வேற ஆள்கிட்ட குடுங்க."