பதினோராயிரம் வாடகை, ஆறாயிரம் பத்திரம்

புதன்கிழமை காலை வந்த அந்த மெயிலைக் காயத்ரி மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அது ஒன்றைத்தான் சொன்னது. செங்கல்பட்டு மூன்றாம் படி.

காருக்கு வயர் கட்டுகிற கம்பெனி அது. தலைமை ஆபீஸ் பெங்களூரில். செங்கல்பட்டுக்கு வெளியே ஒரு ஷெட்டும் அதற்கு மேல் ஒரு மாடியும். மாடியில் எச்.ஆர். என்று எழுதிய கதவுக்குள் காயத்ரி ஒருத்திதான். ஆள் எடுப்பது, லீவு பார்ப்பது, சம்பளச் சீட்டு அடிப்பது எல்லாம் அவள் தலையில். சீட்டு அடிக்கிறவள்தான் சம்பளத்தையும் போடுகிறாள் என்று கீழே பாதிப் பேருக்கு நினைப்பு. லாரியில் இருந்து அரிசி மூட்டை இறக்குகிறவனைப் பிடித்து, ஏன்யா அரிசி விலையை ஏற்றினாய் என்று கேட்கிற மாதிரிதான் அது. அவளுடைய சம்பளம் இருபத்தெட்டாயிரம். அதையும் பெங்களூரில்தான் போட்டார்கள்.

ஊருக்கு ஊர் செலவு வேறு என்று இந்த வருஷம் சம்பளத்தை மூன்று படியாகப் பிரித்திருந்தார்கள். எந்த ஊர் எந்தப் படி என்பதை அந்த ஊர் வாடகை முடிவு செய்யும். இரண்டாம் படிக்குப் போனால் ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்து இருநூறு கூடும். மூன்றாம் படியில் விழுந்தால் மூன்று வருஷத்துக்கு அப்படியே கிடக்க வேண்டியதுதான்.

வாடகைக் கணக்கை எங்கே இருந்து எடுத்தார்கள் என்று தேடிப் பார்த்தாள். ஆட்களின் ஃபைலில் இருந்த வாடகைப் பத்திரங்களில் இருந்து எடுத்திருந்தார்கள். நாற்பத்தோரு பத்திரம். அத்தனையையும் வாங்கி முத்திரை குத்தி வைத்தவள் அவள்தான்.

அவளுக்குத் தெரிந்து யார் வீட்டிலும் கொடுக்கிற வாடகை பத்திரத்தில் இருந்ததில்லை. பாதியை எழுதுவார்கள், மீதியைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். வரிக்குப் பயந்த வீட்டுக்காரர்களின் ஏற்பாடு. அவளே கூடுவாஞ்சேரியில் பதினோராயிரம் கொடுக்கிறாள், பத்திரத்தில் ஆறாயிரம். வேலைக்குச் சேர வருகிறவர்கள் தயங்கி நின்றால், "விலாசத்துக்குத்தாம்பா, எது கீதோ அத்த கொண்டாந்து குடு," என்று சொன்னவளும் அவள்தான்.

தலைமை ஆபீஸில் இந்தக் கணக்கைப் பார்க்கிற ஜெஸ்ஸிக்குப் போன் போட்டாள்.

"எனக்குப் புரியுது காயத்ரி. நானும் வாடகை வீட்லதான் இருக்கேன்," என்றாள் ஜெஸ்ஸி. "ஆனா பேப்பர்ல இருக்கறதத்தான் நான் எடுத்துக்க முடியும். இருபது பேரோட புதுப் பத்திரம் அனுப்புங்க, மாத்திடறேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணி. அதுக்கு மேல என் கையில இல்ல."

மத்தியானம் கேன்டீனில் விஷயத்தைச் சொன்னாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற மணிதான் வாயைத் திறந்தான்.

"மேடம், நெஜ வாடகைய எழுதுன்னு ஓனராண்ட போய் நின்னா, சாவிய வச்சிட்டு கெளம்புன்னுவான். நீங்களா வந்து சாமான் தூக்குவீங்க?"

"மூணு வருசம் மணி. யோசிச்சுப் பாரு."

"யோசிக்கிறோம். நீங்க மொதல்ல உங்க ஓனராண்ட எழுதி வாங்கினு வாங்க. அத்தப் பாத்துட்டு நாங்க போறோம். இன்னாங்கடா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் பாதிச் சோற்றோடு டிபனை மூடினாள்.

ராத்திரி புருஷன் உலகநாதனிடம் சொன்னாள். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் அவன் எலக்ட்ரீஷியன். குழந்தை சஹானாவின் ஷூவுக்குப் பாலிஷ் போட்டபடியே கேட்டுக்கொண்டான். "இஸ்கோலு நடந்து போற தூரத்துல கீது. இந்த வூட்டுக்கு வேட்டு வச்சுடாத," என்றான். அதற்கப்புறம் அவள் புரண்டு புரண்டு படுத்தாள்.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டாள். கோர்ட்டுப் பக்கம் முத்திரைத்தாள் வாங்கி, வாடகைத் தொகைக்கு மட்டும் இடம் விட்டு டைப் அடித்துக்கொண்டு மாமல்லபுரம் பஸ் ஏறினாள். வீட்டுக்காரர் நரசிம்மன் கல்பாக்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கூடுவாஞ்சேரியில் கட்டின வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாமல்லபுரத்தில் இருக்கிறார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் கால் மணி நேரம் நின்றது. காயத்ரி எழுந்து படிக்கட்டு வரைக்கும் போவதும் திரும்பி வந்து உட்கார்வதுமாக இருந்தாள். கண்டக்டர், "இன்னாம்மா, எறங்கறியா இல்லியா?" என்று கேட்டதற்கப்புறம்தான் அடங்கினாள்.

நரசிம்மன் வீட்டில் ஃபேன் காற்றோடு கடல் காற்றும் வந்தது. அவர் மனைவி ஞானம்பாள் காபி கொண்டுவந்து வைத்தாள். காயத்ரி விஷயத்தைச் சொல்லித் தாளை நீட்டினாள்.

"பதினொண்ணுன்னு எழுதினா, பென்ஷனோட சேர்ந்து எனக்கு வரி ஏறுமேம்மா," என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"தெரியும் சார். எங்க நாப்பத்தோரு பேர் பொழப்பு இதுல இருக்கு."

"சரி. எழுதினா உனக்கு எவ்வளவு ஏறும்?"

"ரெண்டாயிரத்து எறநூறு சார்."

சொன்ன கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆள் எடுக்கிற வேலையில் முதல் பாடமே அதுதான். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்று எதிராளியைத்தான் முதலில் தொகை சொல்ல வைக்க வேண்டும். முதலில் வாய்விட்டவன் மாட்டினான். அப்படி எத்தனை பேரை இவள் மடக்கியிருக்கிறாள். இப்போது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோனது.

நரசிம்மன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "அப்ப பதிமூணாவே எழுதிடுவோமே. உனக்கும் எறநூறு மிச்சம்."

"சார், பால் ஏறிடுச்சு, தண்ணி கேன் ஏறிடுச்சு, ஸ்கூல் ஃபீஸ் ஏறிடுச்சு. ஏறப்போறது இது ஒண்ணுதான். அதையும் நீங்களே எடுத்துக்கிட்டா நான் எதுக்கு இவ்ளோ தூரம் பஸ்ஸேறி வந்தேன்?"

"வேண்டாம்னா பழைய பத்திரமே இருக்கட்டும். நானா உன்னக் கூப்பிட்டேன்?"

அவர் சொன்னதில் தப்பில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்துவிடலாம். அப்படி எழுந்தால் நாளைக்குக் கேன்டீனில் மணி ஒரு வார்த்தை கேட்கக்கூட மாட்டான். முகத்தைப் பார்த்துவிட்டு டிபனைத் திறப்பான். அதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"இந்த வூட்டுக்கு வந்து நாலு வருசம் ஆச்சு சார். அஞ்சாந்தேதி தாண்டி என்னிக்காவது வாடகை குடுத்திருக்கேனா? சொவத்துல ஆணி அடிச்சிருக்கேனா? எனக்கு முன்னாடி இருந்தவங்க காலி பண்ணப்ப எத்தன மாசம் வூடு பூட்டிக் கெடந்துச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க."

"மூணு மாசம்," என்றாள் ஞானம்பாள் உள்ளிருந்து. "கரண்ட் பில்லையும் கட்டாமப் போனான்."

நரசிம்மன் உள்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "ஒன்ன யாரு கேட்டா?"

"கேக்காட்டியும் நெஜம் நெஜந்தானே."

அவர் பேனாவை எடுத்தார். பன்னிரண்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆயிரம் போனது.

பஸ் ஸ்டாண்டில் நின்று பத்திரத்தைப் போட்டோ எடுத்து கம்பெனி குரூப்பில் போட்டாள். நிமிஷத்துக்குள் மணியிடம் இருந்து பதில் வந்தது: "எவ்ளோ ஏத்துனாரு?"

மறைத்துவிடலாமா என்று ஒரு நொடி விரல் நின்றது. ஆயிரம் என்று தெரிந்தால் பாதிப் பேர் போகவே மாட்டார்கள். ஆனால் தெரியாமல் போனால் தன்னைப் போலவே மாட்டிக்கொள்வார்கள். "ஆயிரம். தப்பு என் மேலதான். சம்பளம் ஏறப்போவுதுன்னு நான் வாயத் தொறந்துட்டேன். நீங்க தொறக்காதீங்க," என்று அடித்து அனுப்பினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் போனைப் பார்த்தாள். கருங்குழி, பாலூர், மறைமலைநகர் என்று அங்கங்கே குடியிருக்கிறவர்கள் பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பத்திரம் வந்தது. மத்தியானத்துக்குள் பதினாறு. இரண்டு பேருடைய வீட்டுக்காரர்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒரு பையன், வீட்டுக்காரர் வீட்டையே காலி செய்யச் சொல்லிவிட்டதாக வந்து தலை குனிந்து நின்றான். உட்காரச் சொல்லித் தண்ணீர் மட்டும் கொடுத்தாள். நாலரைக்குப் பத்தொன்பது. ஜெஸ்ஸி இரண்டு தடவை மெசேஜ் போட்டுவிட்டாள். காயத்ரி ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தாள்.

நாலு ஐம்பதுக்கு மணி மாடி ஏறி வந்தான். கிரீஸ் கையோடு பத்திரத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பைசா ஏத்தல மேடம். இன்னாத்துக்குடா பத்திரம்னான். லோன் கேட்டுக்கினு கீறேன், வாடக கம்மியாப் போட்டா பேங்க்காரன் மதிக்க மாட்டேன்றான்னேன். அப்பிடியா, சரி சரின்னு போட்டான்."

"நல்லா பொய் சொல்ற."

"நீங்கதான் வாயத் தொறக்காதன்னீங்க. எனக்கு வாய மூடினு இருக்க வராது மேடம், வேற எதுனா சொல்லித்தான் ஆவணும்."

அவள் பத்திரத்தை வாங்கி ஸ்கேனரில் வைத்தாள். இருபதும் போய்ச் சேர ஏழு நிமிஷம் பிடித்தது. அதுவரைக்கும் மணி நகரவில்லை. ஜெஸ்ஸியிடம் இருந்து பதில் வந்தது: "ஓகே. இரண்டாம் படி."

"ஆவ்ட்டுச்சா?"

"ஆயிடுச்சு."

"அப்ப உங்களுக்கு ஆயிரத்து எறநூறு, எனக்கு ரெண்டாயிரத்து எறநூறு," என்றான் மணி. சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்த மாதிரி படியில் வேகமாக இறங்கிப் போனான்.

காயத்ரி உட்காரவில்லை. வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்ன அந்தப் பையன் போய்விட்டானா என்று பார்க்க, பையை எடுத்துக்கொண்டு அவளும் கீழே இறங்கினாள்.