ராணியின் கழுத்து

அருங்காட்சியகத்தில் நகை மாட்டும் பொம்மைகள் செய்வது என் வேலை. ஈராயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ராணியின் தங்க ஆரத்துக்காக என் மனைவியின் கழுத்தில்தான் அச்செடுத்தேன். பிளாஸ்டர் காயும்வரை அசையாமல் இருந்துவிட்டு, "குந்துமணி தங்கம் வாங்கித் தர வக்கில்ல, செத்தப்புறமாவது போடுவீங்களா?" என்று சிரித்தாள்.

போன மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

இன்று கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் ஒரு அம்மாள் தன் மகளிடம், "ராணின்னா ராணிதான்டீ. கழுத்துல என்ன திமிர் பாரு!" என்றாள்.

திமிராம்! தலையில் செங்கல் சுமந்து சுமந்து விறைத்துப்போன கழுத்து அது.

ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. கண்ணாடியில் 'தொடாதீர்கள்' என்று எழுதி ஒட்டியவனும் நான்தான்.