தேய்ந்த குதிகால்

அப்பாவின் கறுப்பு ஷூவை மூன்றாவது முறையாகத் திருப்பிப் பார்த்தாள் மகள். உடலை எடுத்துப் போகும் வண்டி வர ஒரு மணி நேரம் இருந்தது. இதைத்தான் அவருக்குப் போட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். பாலிஷ் போட எடுத்தவளுக்கு ஒன்று பிடிபடவில்லை. இரண்டு குதிகாலும் மழுங்கித் தேய்ந்திருந்தன. முன்பக்கம் மட்டும் கடையில் வாங்கியபடியே வரிவரியாக இருந்தது. நடந்தால் அடி முழுவதும்தானே தேயும்?

“எங்க நடந்தாரு? போக வர செருப்புதான். இது ப்ளேனுக்குள்ள மட்டும்” என்றாள் அம்மா. குழப்பம் கூடியது.

அப்பா விமானப் பள்ளியில் இரட்டை எஞ்சின் பயிற்சி தந்தவர். அதைச் சொல்லித்தரும் அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் பயணிகள் விமானங்களுக்குப் போய்விட்டார்கள். மகளும் அப்படிப் போனவள்தான். மிஞ்சியவர் இவர் ஒருவர். இதய அறுவைக்குத் தேதி வாங்குவார், இந்தப் பசங்களை முடித்துவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போடுவார். மூன்று முறை ஆயிற்று. போன மாதம் மகளைப் போனில் கூப்பிட்டு, ஒரு மாதம் வந்து பாதிப் பேரைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்.

“பாக்கலாம்ப்பா” என்றாள். காலாவதியான பயிற்றுநர் உரிமம், கிடைக்காத லீவு என்று நாலு காரணம் சொன்னாள். அவர் வற்புறுத்தவில்லை. நேற்றுக் காலை குளியலறையில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை.

கூடத்துச் சுவரோரம் நின்ற மாணவர்களில் ஒருத்தி, அப்பா ‘அவசரக்குடுக்கை’ என்று கூப்பிடுபவள், பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மகள் ஷூவைக் காட்டினாள். அவளுக்கும் தெரியவில்லை. பேச்சு வகுப்பின் பக்கம் போயிற்று. மேலே ஏறும்போது சார் திடீரென்று ஒரு எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிடுவாராம். விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும்; கீழே உள்ள இரண்டு பெடல்களில் எதிர்ப்பக்கத்ததை மிதிக்க வேண்டும். கால் மாறினால் விமானம் புரண்டுவிடும்.

“ஒருநாள் தப்புக் கால வச்சுட்டேன்க்கா. எனக்கு உறைக்கறதுக்குள்ள அவர் கால் வந்துடுச்சு. அதுவரைக்கும் அவர் கால் இருந்ததே தெரியல. எறங்கினதும், ‘நாளைக்கும் வா, நான் பயந்து ஓடிடல’ன்னாரு.”

மகள் ஷூவைப் பார்த்தாள். கற்பவர், கற்பிப்பவர் இருவர் காலடியிலும் உள்ள பெடல்கள் ஒன்றோடொன்று இணைந்தவை. அப்பா அதில் லேசாகக் கால் வைத்திருந்தாலும், பிடித்துக்கொண்டிருப்பது தன் காலா அவர் காலா என்று மாணவனுக்குத் தெரியாமல் போகும். தன் பயிற்சி நாட்களில் அப்பா பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள்.

“உனக்கு இன்னும் எத்தனை மணி நேரம் பாக்கி?”

“பதினொண்ணு. சொல்லித்தர ஆள்தான் இல்ல.”

மகள் பாலிஷ் போட்டு முடித்து, ஷூவை ஜோடியாகக் கீழே வைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து கால்களை முன்னே நீட்டினாள். குதிகால் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். பாதம் பெடலுக்கு ஒரு விரற்கடை தள்ளி நிற்க வேண்டும். தொடக் கூடாது, விலகவும் கூடாது.