சொல்லாமல் போகிறவர்கள்

மஞ்சுளாவுக்கு அன்று அது ஆறாவது வீடு. புதுச்சத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில், தற்கொலையில் ஆளை இழந்த வீடுகளுக்கு வாரம் ஒருமுறை போய்ப் பேசுவது அவள் வேலை. பேசுவது என்று பயிற்சியில் சொன்னார்கள். பாதி வீடுகளில் சும்மா உட்கார்வதுதான் நடந்தது. அதற்கே இடுப்பு விட்டுப்போகும்.

முத்தாயம்மாளின் ஒரே மகன் கதிர்வேல் போய் மூன்று மாதம். கருமாதி வரைக்கும் ஊரே வந்தது. அப்புறம் மஞ்சுளா மட்டும்தான்.

மாட்டுக்கொட்டகை மூலையில் களைக்கொல்லி கேன் இன்னும் இருந்தது. ஊரிலுள்ள பூச்சிமருந்தையெல்லாம் பால் சொசைட்டியில் ஒரே பெட்டியில் பூட்டி வைத்து, தேவைப்படும்போது எடுத்துக்கொடுக்க ஏற்பாடு. எல்லோரும் கொடுத்தாயிற்று. முத்தாயம்மாள்தான் பிடிகொடுக்கவில்லை.

“அந்தக் கேனைக் குடுத்துருங்கக்கா.”

“காட்டுக்கு அடிக்கோணும் கண்ணு.”

மூன்று மாதமாக அந்த நிலத்தில் யாரும் கால் வைக்கவில்லை. மஞ்சுளா நேராகவே கேட்டாள்.

“செத்துப் போயிரலாம்னு நெனப்பு வருதுங்களாக்கா?”

முத்தாயம்மாள் முறத்தை எடுத்து அரிசியில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். அரைமணி நேரம் அப்படியே போயிற்று. மஞ்சுளாவுக்கு அலுப்பாக இருந்தது, அலுத்துக்கொண்டதற்கு வெட்கமாகவும் இருந்தது. பெரியாஸ்பத்திரிக்கு நாளைக்கே கூட்டிப்போக வேண்டும் என்று நினைத்தபடி எழுந்து, வாசலில் செருப்பை மாட்டினாள். எழவு விழுந்த வீட்டில் வருசம் திரும்பும்வரை ‘போய்ட்டு வாரேன்’ என்று சொல்லக்கூடாது. பேசாமல் நடையைக் கட்ட வேண்டும். எல்லா வீட்டிலும் அவள் அப்படித்தான் செய்தாள்.

“அவனும் இப்படித்தான் சொல்லாம போனான்,” என்றாள் முத்தாயம்மாள் உள்ளிருந்து. “வாரவங்க எல்லாரும் சொல்லாமத்தான் போறீங்க. நீ போனா மறுக்கா வருவீன்னு நான் எப்படி நம்பறது?”

மஞ்சுளாவுக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வாரமாக இந்த அம்மாளை இப்படித்தான் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போய்ட்டு வாரேனுங்கக்கா. நாளைக்குக் காலைல வாரேன். ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேருமாப் போலாம்.”

முத்தாயம்மாள் வெகுநேரம் அழுதாள். பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், கேனைத் தூக்கிவந்து மஞ்சுளாவின் வண்டியில் வைத்தாள். மஞ்சுளா கேட்டதும், அன்று ராத்திரி முத்தாயம்மாளுக்குத் துணையாக வந்து படுக்க பக்கத்து வீட்டு ஆத்தாயியும் ஒப்புக்கொண்டாள்.

“எத்தன மணிக்கு வருவ?”

“ஒம்பது மணிக்குங்க.”

“பத்து மணிக்கு வா,” என்றாள் முத்தாயம்மாள். “ஆட்டுக்குத் தண்ணி காட்டோணும்.”